சுவரொட்டிக்கு வைத்த மஞ்சள்

நல்ல காரியத்துக்காக வீட்டை விட்டுப் போகிற தாள் எதுவானாலும், அதன் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைத்துவிட வேண்டும் எனக்கு. கல்யாணப் பத்திரிகை, ஜாதக நகல், மகளின் புது நோட்டு, எதையும் விட்டதில்லை. நான் பிறந்தது ஈரோட்டில், மஞ்சள் மண்டிகள் இருந்த தெருவில். கை தானாகப் போகும். கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் படிவத்துக்கும் அவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டேன். கவரில் போடும்போது பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே!

"ஏம்மிணி, உனக்குக் கிறுக்கா? கவர்மென்ட்டுக்குப் போற பேப்பர் இது. ஏதோ பூஞ்சக்காளான்னு ரிஜெக்ட் பண்ணிருவான்."

"பண்ணட்டுமுங்க. மஞ்சள் வெச்சுப் போனது எங்கீங்க கெட்டுப்போச்சு?"

ரிஜெக்ட் பண்ணவில்லை. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று ஒழுங்காகப் பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது.

அப்போது எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பகல் முழுக்க என் பேச்சைக் கேட்க ஆளில்லை. என் ஆங்கிலமே லாண்டரி அறையிலும் காய்கறிக் கடையிலும் பொறுக்கிச் சேர்த்ததுதான். யாராவது ருசியாக எதையாவது சொன்னால் வீட்டுக்கு ஓடி வந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டில் பாதிக்கு மேல் கீழ்வீட்டு அக்காவின் வாயிலிருந்து வந்தது.

கீழ்வீட்டு அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்கள் அபார்ட்மென்ட் மேனேஜரைப் பற்றிச் சொல்வார்: "அவன் சிரிப்பை வாடகைக்கு எடுத்திருக்கான், மாசக் கடைசில திருப்பிக் குடுத்துடுவான்." என்னைப் பற்றி: "நீ கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே உன் சாம்பார் வந்து ஹலோ சொல்லிடுது." என்னை அவர் 'கொமாத்ரே' என்பார். தன் பிள்ளைக்கு இன்னொரு தாயாக நிற்கிறவளை அவர்கள் ஸ்பானிஷில் கூப்பிடுகிற சொல் அது; நெருங்கின சிநேகிதிக்கும் பொருந்தும். நான் அவரை 'அக்கா' என்பேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூப்பிடும்போதெல்லாம் ஒரு சுற்று நிமிர்ந்து நிற்பார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். என் காதில் எப்படித் தமிழாக உட்கார்ந்ததோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

பழகிய புதிதில் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "நீங்க எப்ப அக்கா அமெரிக்காவுக்கு வந்தீங்க?"

அவர் துணி மடிப்பதை நிறுத்தினார். "எங்க கொள்ளுத்தாத்தா கல்லறை இங்க பக்கத்துல, சான் ஹோசேல இருக்கு. நீ எப்ப வந்த?"

நான் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் 'சிகானோ' என்ற சொல்லை முதலில் கேட்டேன். மெக்சிகோ வம்சத்தில் வந்து இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், யாரோ ஒட்டிய பெயர்களை உரித்துப் போட்டுவிட்டுத் தாங்களாக எடுத்துக்கொண்ட பெயர் என்றார். அவருடைய அண்ணன் விளம்பரப் பலகை எழுதுகிறவர். இளவயதில் கார் நிறுத்தும் கொட்டகையில் பட்டுத்துணிச் சட்டம் கட்டி, மை இறங்க வேண்டிய இடத்தை மட்டும் ஓட்டையாக விட்டு ஸ்டென்சில் வெட்டி, ராவும் பகலும் சுவரொட்டி அச்சடித்தவர். வயல் கூலிக்காரர்களின் வேலைநிறுத்தம், ஊர்வலம், தெரு நாடகம், கவிதை வாசிப்பு, எல்லாவற்றுக்கும் அவர் கைதான். அந்தச் சுவரொட்டிகள், கையெழுத்துப் பத்திரிகைகள், போட்டோக்கள் எல்லாம் நாற்பது பெட்டிகளில் கொட்டகையில் கிடந்தன. போன மழைக்கு மூன்று பெட்டி ஊறிப் போய்விட்டது. எலி வேறு.

முக்கால் மணி நேர ட்ரைவில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம், சிகானோ சமூகத்தின் படங்களையும் எழுத்தையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. வருஷக்கணக்காகக் கேட்டும் அண்ணன் மசியவில்லை. "எங்கப்பா அந்த யுனிவர்சிட்டிப் புல்லு வெட்டத்தான் உள்ள போனார். நான் எதுக்கு அங்க போய் எங்க வாழ்க்கையக் குடுக்கணும்?" என்பாராம். தங்கைதான் பேசிப் பேசிக் கரைத்திருந்தார். பெட்டிகள் முதலில் போய்விடும். அடுத்த வாரத்துச் சனிக்கிழமை அண்ணன் நேரில் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். போட்டால் நூலகத்துக்கு. போடாவிட்டால் மறுபடியும் கொட்டகை, மழை, எலி.

முப்பத்தொன்பது பெட்டிகளைக் கொட்டகையிலேயே நூலகத்தார் ஏற்றிக்கொண்டார்கள். நாற்பதாவது, முக்கியமான பெட்டி, அக்காவின் வீட்டில் இருந்தது. அந்த வாரம் பார்த்து மேனேஜர் அவர் வீட்டுக் கார்பெட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். அதனால் பெட்டி மாடியேறி எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது.

ஒரு மாலை நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்து உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டோம். முதலில் வந்தது ஒரு பள்ளி நோட்டு. பக்கம் பக்கமாக ஒரே வரி: 'நான் பள்ளியில் ஸ்பானிஷ் பேச மாட்டேன்.' குழந்தைக் கையெழுத்து. வரி இறங்க இறங்க எழுத்து சாய்ந்துகொண்டே போனது.

"அண்ணனுக்கு ஏழு வயசு. பக்கத்துல இருந்த பையன்கிட்ட பென்சில் கேட்டான், ஸ்பானிஷ்ல. அதுக்குத் தண்டனை. அம்மா இதைத் தூக்கிப் போடல" என்றார் அக்கா.

எங்கள் ஊர் கான்வென்ட்டிலும் தமிழில் பேசினால் முட்டி போட வேண்டும்; நானே போட்டிருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவள் நான். இவர்கள் வீட்டில் அதை ஒரு அம்மா எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள், சாட்சி மாதிரி.

கடைசியாக அந்தச் சுவரொட்டி. ஓரத்தில் வரிசையாக ஓட்டை உள்ள பழைய கம்ப்யூட்டர் தாளின் முதுகில் அச்சடித்தது. நல்ல தாள் வாங்க வழியில்லாமல், யாரோ ஆபீஸில் கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து அடித்திருக்கிறார். பெரிய சிவப்புச் சூரியன், மேல் இடது மூலை வரைக்கும் எரிகிறது. கீழே ஒரு பெண் இரண்டாக மடிந்து நிற்கிறாள். கையில் முழங்கை நீளம்கூட இல்லாத களைக்கொத்து.

"ஏன் அக்கா இவ்வளவு குட்டைப் பிடி?"

"நீளப் பிடி குடுத்தா நிமிர்ந்து நிப்பாங்கல்ல? நிமிர்ந்து நின்னா வேலை செய்யலன்னு மேஸ்திரிக்குத் தூரத்துலருந்தே தெரியணும். அதுக்குத்தான்." அக்கா அந்தப் பெண்ணின் முதுகின் மேல், தாளைத் தொடாமல், விரலை ஓட்டினார். "எங்கம்மா. சாகற வரைக்கும் படுக்கையிலயும் இப்படியேதான் படுத்திருந்தா."

அண்ணன் அடித்த முதல் சுவரொட்டி அது. மற்ற பிரதிகளெல்லாம் கம்பங்களில் ஒட்டி மழையில் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்து வேன் வந்தது. அக்கா பேருந்தில் இருந்தார். நான்தான் பெட்டியைக் கொடுக்க வேண்டும். வேன்காரர் கீழே இடம் பார்த்து நிறுத்துவதற்குள் நான் பெட்டியைத் திறந்தேன், சுவரொட்டியை எடுத்தேன், நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். மற்ற எதற்கும் வைக்கவில்லை. அது அவர்கள் அம்மா அல்லவா. பிறந்த வீட்டிலிருந்து அனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. ஊதிக் காயவைத்து, உள்ளே வைத்து, மூடிக் கொடுத்தேன். மனசு நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா மாடியேறி வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"உங்க வீட்டு அலமாரியில தண்ணி ஒழுகுதா?"

"இல்லையே."

"நூலகத்துலருந்து போன். அம்மா போஸ்டர்ல நாலு மூலையிலும் மஞ்சளா ஏதோ கறையாம். முன்னாடி அவங்க எடுத்த போட்டோவுல அது இல்லையாம். பூஞ்சையா, துருவான்னு தெரியலையாம்."

"அட, அதுவா! அது கறையில்லக்கா, மஞ்சள். நான்தான் வெச்சேன்" என்று சிரித்தபடி சொன்னேன்.

அக்கா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது மங்கலமில்லை, வேறு என்னவோ.

மறுநாள் அவர் பேருந்து வேலை முடிந்ததும் இருவரும் நூலகத்துக்குப் போனோம். ஆவணக் காப்பாளர் ஒரு இளம்பெண். ஜன்னலே இல்லாத ஓர் அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் சுவரொட்டி கிடந்தது. வீட்டில் அழகாகத் தெரிந்த நான்கு பொட்டும் அங்கே அந்த விளக்கில் பார்க்க, யாரோ அழுக்கு விரலால் பிடித்த மாதிரி இருந்தன. அதில் என்ன கலந்தீர்கள், எண்ணெய் உண்டா, உப்பு உண்டா என்று அந்தப் பெண் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மலிவுத் தாளில் இருக்கிற அமிலம் தாளை உள்ளேயிருந்தே தின்றுவிடும், அதை முறிக்க ஒரு நீர் உண்டு, கறை அதற்கு அசைகிறதா என்று ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்க்கிறேன் என்றாள். மெல்லிய தூரிகையால் மேல் இடது மூலையைத் தொட்டாள்.

மஞ்சள் சிவந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ரத்தச் சிவப்பு.

காப்பாளர் கையிலிருந்த தூரிகை தரையில் விழுந்தது. "ஓ மை காட்!" அக்கா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "மமா!" என்றார். அவருக்கு அது அம்மாவின் ரத்தம்.

எனக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. "அந்தப் புட்டியில என்ன? சுண்ணாம்பா?"

காப்பாளர் என்னைப் பார்த்தாள். "கால்சியம் ஹைட்ராக்சைடு… ஆமா, சுண்ணாம்புத் தண்ணிதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல இதை வேணும்னே பண்ணுவோம். ஊருலருந்து வந்தவங்களுக்கு, பிள்ளை பெத்து வந்தவளுக்கு, தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு இதே சிவப்புல சுத்தி வாசல்ல ஊத்துவோம். எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விட்டா மறுபடி மஞ்சளாயிடும்."

"எலுமிச்சையா? அமிலமா? இதுமேலயா?" அவள் மேசைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சரி, வேண்டாம். வெயில்ல போடுங்க. வெள்ளைத் துணியில மஞ்சக்கறை பட்டா நாங்க சோப்பு போட்டு மாரடிக்க மாட்டோம். வெயில்ல காயப்போட்டா தானா ஓடிடும்."

"மேடம், இந்த அறைக்கு ஏன் ஜன்னல் இல்லன்னு நினைக்கிறீங்க? அந்தச் சிவப்பு மையும் வெயில்ல சேர்ந்து ஓடிடும்."

திரும்பி வந்ததும் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன்மேல கோபப்பட எனக்கு இன்னிக்குத் தெம்பில்ல, கொமாத்ரே. இருக்கற தெம்பை சனிக்கிழமைக்கு மிச்சம் வெச்சிருக்கேன். அண்ணன் பார்த்தா நாற்பது பெட்டியையும் தூக்கிட்டுப் போயிடுவான்."

அன்றைக்கு அந்தச் சொல்லை நோட்டில் எழுதவில்லை.

வீட்டுக்காரர் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "அந்தப் போஸ்டர் எந்தப் பேப்பர்னு சொன்ன? ஓரத்துல ஓட்டையா? அது லைன் பிரிண்டர் பேப்பராச்சே! எங்க ஆபீஸ் குடோன்ல மட்கிக் கெடக்குது." உடனே கிளம்பிப் போய், பழுத்துப்போன பத்துத் தாளோடு வந்தார்.

வியாழன் காலையில் ஒரு தாளில் மஞ்சள் பொட்டுகள் வைத்தேன். சிலவற்றின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டேன். மகளின் பள்ளிப் புராஜெக்டுக்கு வாங்கிய கறுப்பு அட்டையால் பாதித் தாளை மூடி, பால்கனியில் காயவைத்துக் காவல் இருந்தேன். மகள் பள்ளிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "Amma, are you making a papad?" "ஆமா கண்ணு, அம்மாவோட மானத்தைக் காயப்போட்டிருக்கறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வெள்ளி சாயங்காலம் அட்டையைத் தூக்கினேன். மூடியிருந்த பாதியில் பொட்டு அப்படியே. திறந்திருந்த பாதியில் பொட்டு இருந்த இடம் தேடினால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை நூலகத்துக்கு அண்ணன் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். நக இடுக்கில் கறுப்பு மை. சட்டைப் பையில் ஒரு சின்ன வெட்டுக் கத்தி, பேனா மாதிரி. காப்பாளர் ஏதோ முன்னுரை சொல்ல ஆரம்பித்தாள்; அவர் கேட்கவில்லை, நேரே மேசைக்குப் போனார். பார்த்தார். மூன்று மஞ்சள், ஒன்று காய்ந்து பழுப்பேறிய சிவப்பு.

"யார்?"

நான் கையைத் தூக்கினேன், பள்ளியில் தூக்குகிற மாதிரி.

"மழைகிட்டருந்து காப்பாத்தினேன். போலீஸ்கிட்டருந்து காப்பாத்தினேன். அம்மாவே அடுப்பு பத்த வைக்க எடுத்தா, அவகிட்டருந்தும் புடுங்கிக் காப்பாத்தினேன்." குரல் உயரவே இல்லை, உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "பக்கத்து வீட்டுக்காரிகிட்டருந்து காப்பாத்தணும்னு எனக்குத் தோணல."

"நல்ல இடத்துக்குப் போறவங்களுக்கு வைக்கிறது" என்றேன்.

"நல்ல இடம்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே இன்னும் தெரியல."

பையிலிருந்த பால்கனித் தாளை எடுத்து, "இந்தப் பாதியை மட்டும் ரெண்டு நாள் வெயில்ல வெச்சேன்" என்று அவர்முன் நீட்டினேன். அதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. மூடிய பாதி, திறந்த பாதி, நடுவில் கத்தியால் கீறியதுபோல் நேர்க்கோடு. அவர் தாளைத் திருப்பினார். ஓட்டைகளைத் தடவினார். அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"இது ஸ்டென்சில்" என்றார் தங்கையிடம். என்னிடம் சொல்லவில்லை. "வெளிச்சத்துக்கு வெட்டின ஸ்டென்சில்."

பிறகு காப்பாளரிடம் கறுப்பு அட்டை கேட்டார். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இது நூலகத்தோடது. அப்புறம் இதை வெயில்ல வைக்க என்னால சம்மதிக்க முடியாது." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "போடற வரைக்கும் உங்களோடது."

அண்ணன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

சட்டைப் பைக் கத்தி வெளியே வந்தது. அட்டையை முழுச் சுவரொட்டி அளவுக்கு வெட்டினார். மூன்று மூலைகளில் மஞ்சள் பட்ட இடத்துக்கு மட்டும், அளவுகோல் இல்லாமல், மயிரிழை பிசகாமல் மூன்று ஓட்டை. நான்காவது மூலையில் சூரியனின் சிவப்பு மை மஞ்சளோடு ஒட்டி நின்றது. அங்கே கத்தியை வைத்தார், யோசித்தார், எடுத்துவிட்டார். "இங்க திறந்தா சூரியன் போயிடும்."

நூலகத்துக்கு வெளியே புல்வெளியில் பலகை போட்டு அதன்மேல் வைத்தோம், காற்றுக்குக் கண்ணாடி போட்டு. நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை காப்பாளர் அட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். அக்காவுக்குப் பழைய வாய் மெல்லத் திரும்பியிருந்தது. "மொத்த ஊரும் அம்மாவை வெயில்ல நிக்க வெச்சுது. கடைசில நாமளும் அதையே பண்றோம்." சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் புல்லை ஒரு பிடி கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறும் போனோம். விடுமுறையென்றும் பார்க்காமல் காப்பாளர் வந்து கதவைத் திறந்தாள். மத்தியானம் ஆனபோது இரண்டு மூலை சுத்தம். மூன்றாவதில் மூச்சு விட்டதுபோல் லேசான சாயல். நான்காவது அப்படியே இருந்தது, சூரியனை ஒட்டி ஒரு விரல் தடம், என் விரல் தடம். எத்தனை வருஷமானாலும் அந்தத் தாள் இருக்கிறவரை அதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே போய் மேசைமுன் உட்கார்ந்தோம். அண்ணன் படிவத்தை ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். பெட்டிகள் இருக்கப்போகிற அலமாரியைக் காட்டச் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொருளின் நிலை என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, "இங்க என்ன எழுதணும்?" என்றார்.

"கறை எதனால வந்ததுன்னு, உள்ளதை உள்ளபடி" என்றாள் காப்பாளர்.

எழுதினார். அவர் எழுதியது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்கத் தைரியமும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். படிவத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் மூலைகளை மூடிக்கொண்டு, அப்படியே மூடியபடி காப்பாளரின் பக்கமாகத் தள்ளினார்.